கட்டிலில் இருப்பவருக்கு ஒரு கொப்பி



நீங்கள் மறுபடி திம்புள்ளைக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். சிலர் மண்சரிவுக்குப் பயந்து லயத்தை விட்டு வெளியேறி, பாடசாலைக் கட்டடத்திலும் கோயில் மண்டபத்திலும் தங்கியிருந்து வந்தவர்கள். சிலர் 1977, 1983 வன்செயல்களின்போது வன்னிக்குப் போய், காடு வெட்டிக் குடியிருந்து, 2009இல் போர் முடிந்த பிறகு பிள்ளைகளோடு இந்த மலைக்குத் திரும்பிய குடும்பங்கள். கூரைத்தகடு, குடிநீர், பிள்ளைகளின் பாடசாலை, தொலைந்துபோன அடையாள அட்டை ஆகியவற்றைப் பற்றி இந்தக் கையேட்டின் மற்றப் பகுதிகளில் பார்ப்பீர்கள். நான் பேச வந்தது, வீட்டுக்குள் கட்டிலிலோ சக்கர நாற்காலியிலோ இருக்கும் ஒருவரைப் பற்றி.

உங்களில் சில வீடுகளில் அப்படி ஒருவர் இருக்கிறார். செல்லடியில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவராக இருக்கலாம். மண் சரிந்து சுவர் மேலே விழுந்தவராகவோ, மரத்தில் ஏறும்போது தவறியவராகவோ, மலைச்சரிவில் சுமையோடு வழுக்கி விழுந்தவராகவோ இருக்கலாம். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டவராகவும் இருக்கலாம். அவரை நீங்கள் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். குளிப்பாட்டுகிறீர்கள், சோறு ஊட்டுகிறீர்கள், புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள். அதில் குறை சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அவருடைய நாளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காலையில் எப்போது எழும்புவது என்பதை இன்னொருவர் முடிவு செய்கிறார். எந்தச் சட்டை, எப்போது தேநீர், கதவு திறந்திருப்பதா மூடியிருப்பதா, எல்லாமே மற்றவர் கையில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள்கூட அவரிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறார்கள்: “அவர் இப்ப எப்படி இருக்கார்?” அவர் பக்கத்தில்தான் படுத்திருக்கிறார். காதும் கேட்கிறது.

அவருக்கென்று ஒரு விஷயமாவது சொந்தமாக இருக்க வேண்டும். அதற்குச் செலவில்லாத ஒரு வழி எழுதுவது. ஒரு கொப்பி, ஒரு பென்சில், நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

எழுதுவதால் என்ன கிடைக்கும்?

முதலில் என்ன கிடைக்காது என்று சொல்லிவிடுகிறேன். எழுதினால் கால் எழும்பாது, வடத்தில் பட்ட காயம் ஆறாது. டொக்டர் கொடுத்த மருந்தையும், இயன்மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியையும் ஒருநாளும் விடக்கூடாது.

இப்போது கிடைப்பதைச் சொல்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் பேராசிரியர் இருந்தார். அவரும் அவருடைய மாணவி ஒருவரும் செய்த ஆய்வு 1986இல் வெளிவந்தது. பல்கலைக்கழக மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். சிலர் தங்கள் வாழ்க்கையில் நடந்த மிகத் துன்பமான சம்பவத்தை எழுதினார்கள். நடந்ததையும், அப்போது மனசில் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நோய் என்று வைத்திய நிலையத்துக்குப் போனது குறைந்திருந்தது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனம் இலேசாகவில்லை, முன்பைவிடப் பாரமாகத்தான் இருந்தது. நன்மை பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு பல நாடுகளில் பலர் இதைச் செய்து பார்த்தார்கள். 2006இல் 146 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நன்மை இருக்கிறது, ஆனால் சிறிய அளவுதான் என்று தெரிந்தது. ஆகவே இதை மந்திரம் என்று நான் சொல்லமாட்டேன். நாலு பேரில் ஒருவருக்கு உதவலாம், இன்னொருவருக்கு உதவாமல் போகலாம். செலவில்லை, கவனமாகச் செய்தால் பெரிய ஆபத்தும் இல்லை என்பதால் முயன்று பார்க்கலாம்.

எழுதுவது ஏன் உதவுகிறது? நெஞ்சுக்குள் ஒன்று திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தால் அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது, அடுத்து என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று வரிசைப்படுத்தத்தான் வேண்டும். அப்போது அது ஒரு கதையாகிறது. கதை என்றால் ஓர் இடத்தில் நிறுத்தலாம், கொப்பியை மூடி வைக்கலாம்.

இது நம் மலைக்குப் புதிதும் இல்லை. சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் ஆத்தாவும் அப்பாயியும் செய்தது இதைத்தான். தாங்க முடியாததைச் சொல்லாக்கி, வரிசையாக வெளியே விட்டார்கள். வட்டகொடைப் பக்கம் மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்கள் பாடிய இப்படிப்பட்ட பாடல்களைத் தேடித் தொகுத்து வைத்தார். அந்தப் பாடல்களைப் பாடிய பலருக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. இருந்தும் அவர்களுடைய சொல் அவர்களுடையதாகவே இருந்தது.

கொப்பியை வாசிக்காதீர்கள்

இன்று நான் சொல்வதில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: அவர் எழுதியதை, அவர் காட்டாமல் யாரும் வாசிக்கக்கூடாது.

இது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். லயக் காம்பரா 10 அடிக்கு 12 அடி. அதற்குள் ஐந்து பேர், ஆறு பேர். ஒருவர் இருமினால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். அங்கே இரகசியம் எங்கே வைப்பது?

அதனால்தான் முதலிலேயே பேசி வையுங்கள். ஒரு தகரப்பெட்டியோ பிஸ்கட் டின்னோ எடுத்து, அது அவருடையது என்று பிள்ளைகள் முன்னால் சொல்லுங்கள். முடிந்தால் சின்னப் பூட்டு ஒன்று போட்டு, சாவியை அவர் கழுத்துக் கயிற்றில் கட்டிவிடுங்கள். மற்றவர்கள் மலைக்குப் போன நேரமோ, பிள்ளைகள் இஸ்தோப்பில் விளையாடும் நேரமோ அவருக்கு ஏற்றதாக இருக்கும். எழுதி முடித்ததைக் கிழித்து அடுப்பில் போடச் சொன்னால் போட்டுவிடுங்கள், வாசித்துப் பார்த்துவிட்டுப் போடாதீர்கள். எழுதியது நெருப்புக்குப் போனாலும் எழுதியதன் பயன் போகாது.

ஏன் இவ்வளவு கட்டாயமாகச் சொல்கிறேன்? அந்தக் கொப்பியில் உங்கள்மேல் கோபமும் இருக்கலாம். “என்னைக் குழந்தை மாதிரி நடத்துகிறாள்” என்று கணவன் எழுதியிருக்கலாம். “எனக்கு இப்படி ஆனதும் இவர் முகம் மாறிப்போனது” என்று மனைவி எழுதியிருக்கலாம். வாசித்தால் உங்கள் நெஞ்சு எரியும். இரவு பகலாகப் பார்த்ததற்கு இதுதானா பலன் என்று தோன்றும். ஆனால் அந்த வரி உங்களுக்காக எழுதப்பட்டதல்ல. அதைக் கொப்பியில் இறக்கி வைத்ததால்தான் அன்று மாலை அவர் உங்களோடு முகம் கொடுத்துப் பேசியிருக்கலாம். யாரோ வாசித்துவிட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் உண்மையை எழுதமாட்டார். பிறகு அந்தக் கொப்பியால் ஒரு பயனும் இல்லை.

எப்படித் தொடங்குவது?

கட்டாயப்படுத்தாதீர்கள். “எழுதினா மனசு லேசாகுமாம், விருப்பம்னா பாருங்க” என்று சொல்லி, கொப்பியைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். விபத்து நடந்து, அல்லது முகாமிலிருந்து வந்து, சில நாட்களே ஆகியிருந்தால் பொறுத்திருங்கள். முதலில் தூக்கமும் சாப்பாடும் ஒரு ஒழுங்குக்கு வரட்டும்.

தொடக்கத்துக்கு நான்கு நாட்கள் போதும். முதல் நாள், நடந்ததை எழுதலாம். இரண்டாம் நாள், அதனால் என்ன போயிற்று, யார்மேல் கோபம் என்று எழுதலாம். மூன்றாம் நாள், ஒருவருக்குச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதைக் கடிதம்போல எழுதலாம். அதை அனுப்பவேண்டியதில்லை. அந்த ஆள் உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். நான்காம் நாள், இன்றைக்கும் தன்னிடம் என்ன மிஞ்சியிருக்கிறது என்று எழுதலாம். எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், பள்ளிக்கூடத் தமிழும் வேண்டாம். வீட்டில் பேசுகிற பேச்சே போதும். எழுத ஒன்றும் வராத நாளில் ஜன்னலுக்கு வெளியே தெரிவதை எழுதட்டும். பனிமூட்டம், மழை, கொழுந்துக் கூடையோடு போகிறவர்கள், தைமாதக் குளிர் என்று எதுவாக இருந்தாலும் சரி.

நேரத்தைப் பகலில் வையுங்கள். எழுதிய உடனே மனம் பாரமாகும் என்று சொன்னேனே, படுக்கப்போகும் நேரத்தில் எழுதினால் தூக்கம் கெடும். எழுதும்போது தாங்க முடியவில்லை என்றால் அந்த விஷயத்தை விட்டு வேறொன்றை எழுதலாம், இல்லை நிறுத்தலாம். நிறுத்துவது தோல்வி இல்லை.

உடம்பையும் மறக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத இடத்தில் அழுத்தம் பட்டால் அவருக்கு வலி தெரியாது, ஆனால் தோல் புண்ணாகிவிடும். எழுத உட்காரும் முன்னும் எழுதி முடித்த பின்னும் இருக்கையை மாற்றிவிடுங்கள். முள்ளந்தண்டில் மேற்பகுதியில், நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலேயோ, காயம் பட்டவருக்குத் திடீரென்று கடும் தலையிடி வந்து, முகம் சிவந்து, வியர்த்துக் கொட்டினால் எழுதியதால் வந்த மனக்கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கலாம், பை நிறைந்திருக்கலாம், மலம் இறுகியிருக்கலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடுப்பைத் தளர்த்தி, குழாயைப் பாருங்கள். அடங்காவிட்டால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். இது உயிருக்கு ஆபத்தானது.

கை அசையாதவர் எப்படி எழுதுவது?

விரல் பிடிக்காவிட்டாலும் மணிக்கட்டோ முழங்கையோ அசைந்தால், பென்சிலைத் துணி சுற்றித் தடிப்பாக்கி, அகலமான துணிப் பட்டியால் கையோடு கட்டலாம். இறுக்கிக் கட்டவேண்டாம். அவிழ்த்ததும் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். கொப்பியை ஒரு பலகையில் வைத்து, தலையணை கொடுத்துச் சாய்வாக நிறுத்துங்கள்.

கைத்தொலைபேசி இருந்தால் பேசிப் பதிவு செய்யலாம். தமிழில் பேசினால் அதை எழுத்தாக்கும் வசதியும் இருக்கிறது. தோட்டத்துப் பேச்சை அது சில இடங்களில் தப்பாக எழுதும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் வீட்டில் ஒரே தொலைபேசி என்றால் பதிவை யார் கேட்பார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கும். பதிவு செய்து, ஒருமுறை தானே கேட்டு, அழித்துவிடட்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் சொல்ல, இன்னொருவர் எழுதலாம். எழுதுகிறவர் வீட்டு ஆளாக இல்லாமல் இருந்தால் நல்லது. அவர் நம்பும் நண்பரோ, தோட்டத்துப் படித்த பிள்ளையோ, நமது கள உத்தியோகத்தரோ எழுதலாம். எழுதுகிறவர் மூன்றை மறக்கக்கூடாது: சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், புத்திமதி சொல்லக்கூடாது, கேட்டதை வெளியே கொண்டுபோகக்கூடாது.

பாரிசவாதத்தில் பேச்சும் சொல்லும் போனவருக்கு எழுத்தும் வராமல் போகலாம். அவருக்குப் புத்தி மழுங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். சொல்லை எடுக்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது. அப்படிப்பட்ட சிலருக்குப் பேச வராவிட்டாலும் பழகிய பாட்டு வரும். பாட விடுங்கள். படம் வரையட்டும், ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல் எழுதட்டும்.

முழு உடம்பும் அசையாதவர்கூட எழுதியிருக்கிறார். பிரான்ஸ் நாட்டில் ஒரு பெண்கள் சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தவர் ஜான் டொமினிக் போபி. 1995 டிசம்பரில், 43 வயதில், மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடம்பெல்லாம் செயலிழந்தது. அறிவு தெளிவாக இருந்தது, இடது கண் இமை மட்டும் அவர் சொன்னபடி கேட்டது. ஒருவர் பக்கத்தில் இருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் கண்ணை மூடித் திறப்பார். அப்படியே ஒரு முழுப் புத்தகத்தைச் சொல்லி முடித்தார். அது 1997 மார்ச்சில் வெளிவந்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

நம் தமிழில் 247 எழுத்து இருக்கிறதே, எப்படி என்று கேட்பீர்கள். நாம் சின்ன வகுப்பில் படித்ததே கைகொடுக்கும். ஓர் அட்டையில் ஐந்து வரி எழுதுங்கள்.

வல்லினம்: க ச ட த ப ற
மெல்லினம்: ங ஞ ண ந ம ன
இடையினம்: ய ர ல வ ழ ள
குறில்: அ இ உ எ ஒ
நெடில்: ஆ ஈ ஊ ஏ ஐ ஓ ஔ

அவர் “மழை” என்று சொல்ல நினைக்கிறார் என்று வையுங்கள். “வல்லினமா?” கண் அசையவில்லை. “மெல்லினமா?” கண் மூடித் திறக்கிறது. அந்த வரியை மெதுவாகச் சொல்லிக்கொண்டு போங்கள், ‘ம’ வரும்போது கண் சொல்லும். பிறகு உயிர். “குறிலா?” ஆம். ‘அ’வில் நிற்பார். ‘ம’ கிடைத்தது. அடுத்தது இடையினம், ‘ழ’. நெடில், ‘ஐ’. மழை. வெறும் புள்ளி எழுத்து என்றால் இரண்டு முறை கண்ணை மூடித் திறக்கட்டும் என்று பேசி வையுங்கள். முதலில் ஒரு சொல்லுக்கே ஐந்து நிமிடம் போகும். பழகினால் பாதிச் சொல்லிலேயே உங்களுக்குப் புரிந்துவிடும். அப்போதும் “இதுதானே?” என்று கேட்டு, அவர் ஆம் என்ற பிறகே எழுதுங்கள். அவசரத்தில் அவருடைய வசனத்தை நீங்கள் முடித்துவிடாதீர்கள்.

பயப்பட வேண்டிய அடையாளங்கள்

கொப்பியை வாசிக்கக்கூடாது என்றேன். ஆனால் ஆளைக் கவனிக்கத்தான் வேண்டும். எழுதிய பிறகு சில மணிநேரம் அமைதியாகவோ அழுதுகொண்டோ இருப்பது சாதாரணம். நாட்கணக்காகச் சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால், அல்லது “நான் இருந்து என்ன பயன்”, “உங்களுக்குப் பாரமாகிட்டேன்” என்று சொல்லத் தொடங்கினால், எழுதுவதை நிறுத்தி வைத்து உதவி தேடுங்கள். “சாகணும்னு நினைக்கிறீங்களா?” என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். களைநாசினி, பூச்சி மருந்து, மாத்திரைகள் எதுவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக்கூடாது. ஒரு வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் முழு லயமும் எத்தனை வருஷம் அதைச் சுமக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பகலிலும் பேசலாம். டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா வைத்தியசாலையிலோ மனநலப் பிரிவு எந்த நாளில் நடக்கிறது என்று தோட்டத்து மருத்துவமாதுவிடம் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுக்கும், சக்கர நாற்காலிக்கும் விண்ணப்பிக்கலாம். உளவளத்துணையாளரைப் பற்றியும் அங்கே விசாரிக்கலாம். உடல் பயிற்சிக்குத் திகனவிலும் ராகமவிலும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் இருக்கின்றன. வன்னியில் இருந்து வந்தவர்களுக்கு மாங்குளத்தில் இயங்கும் “உயிரிழை” அமைப்பைத் தெரிந்திருக்கும். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நடத்துவது அது. அங்கே பழக்கமானவர்கள் இருந்தால் தொடர்பை விட்டுவிடாதீர்கள். தன்னைப்போல ஒருவரோடு பேசுவதற்கு ஈடாகக் கொப்பி இருக்காது.

கடைசியாக, பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் மலைக்குப் போய்க் கொழுந்து பறித்து, மத்தியானம் ஓடிவந்து புரட்டிப்போட்டு, மறுபடி மலைக்குப் போகும் தங்கச்சிக்கும் அம்மாவுக்கும் சொல்கிறேன். உங்கள் நெஞ்சிலும் சொல்லாதது நிறைய இருக்கிறது. நேரம் இல்லை என்பீர்கள், உண்மைதான். வாரத்துக்கு ஒருநாள், போயா நாளோ ஞாயிற்றுக்கிழமையோ, பதினைந்து நிமிடம் கிடைத்தால் நீங்களும் எழுதுங்கள். உங்கள் கொப்பிக்கும் ஒரு டின் வேண்டும். அதை அவரும் வாசிக்கக்கூடாது.

நமது பொருட்கள் வழங்கும் நிலையத்தில் இந்த மாதம் கொப்பிகளும் பென்சில்களும் வைத்திருக்கிறோம். பிள்ளைகளின் பாடசாலைக் கொப்பியை வாங்க வரும்போது, வீட்டில் இருப்பவருக்கென்று தனியாக ஒன்று கேட்டு வாங்குங்கள். உறையில் அவருடைய பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள். உள்ளே உள்ள பக்கங்களை அவரிடம் விட்டுவிடுங்கள்.